கோதுமையை நிறுத்தினேன், வயிறு அடங்கியது. காலும் சேர்ந்து அடங்கிவிட்டது

#1 ஆமைவேகம்

வணக்கம். நான்கு ஆண்டுகளாக ஓடுகிறேன். அரை மராத்தான் நான்கு முடித்தாயிற்று. முழு மராத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. வயது 38, எடை 64 கிலோ, வாரத்துக்கு 55 கிலோமீட்டர்.

15 கிலோமீட்டர் தாண்டினால் போதும், வயிறு கடமுடவென்று உருளத் தொடங்கும். உப்புசம், பிடித்து இழுக்கும் வலி, அப்புறம் ஓட்டமாக ஓடி ஒதுங்க இடம் தேட வேண்டும். லாங் ரன்னுக்குப் பாதை தேர்ந்தெடுக்கும்போது மேடு பள்ளம் பார்ப்பதில்லை, கழிப்பறை எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

மூன்று மாதம் முன்பு கோதுமையை அடியோடு நிறுத்தினேன். பத்தே நாளில் வயிறு பாதி அடங்கியது. சரி, கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம்தான் எதிரி என்று முடிவு கட்டிவிட்டேன். ஆனால் இப்போது கால் வரவில்லை. கிலோமீட்டருக்கு 5:50 நிமிடத்தில் சுகமாக ஓடியவன், 6:40-க்கே திணறுகிறேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

எனக்கு குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்பது உறுதிதானே? கோதுமை இல்லாமல் 42 கிலோமீட்டருக்கு எப்படித் தயாராவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 மின்னல்கால்

நல்ல முடிவு எடுத்திருக்கிறீர்கள் நண்பரே. நானும் ஒன்றரை வருடமாகக் குளூட்டன் தொடுவதில்லை, உடம்பு காற்று மாதிரி இருக்கிறது. டென்னிஸ் ஜோகோவிச்சைப் பாருங்கள், குளூட்டனை விட்டார், 2011-ல் உலகின் முதல் இடத்துக்கு வந்துவிட்டார். உங்களுக்கு இப்போது வரும் சோர்வு உடம்பு பழகும் காலம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

#3 கோதுமைக்குத்தடை

மூன்று மாதமா பழகும் காலம்? ஆமைவேகம், ஒரே ஒரு கேள்வி. நிறுத்துவதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை எடுத்தீர்களா?

எனக்கு சீலியாக் நோய். கண்டுபிடித்து ஒன்பது வருடம் ஆகிறது. அதற்கப்புறம் ஆறு முழு மராத்தான் ஓடியிருக்கிறேன். கேள்விக்குப் பதில் வந்ததும் விரிவாக எழுதுகிறேன்.

#4 ஆமைவேகம்

இல்லை அக்கா, எடுக்கவில்லை. நிறுத்தியதும் சரியானதால், பரிசோதனை எதற்கு என்று விட்டுவிட்டேன். இப்போது போய் எடுக்கட்டுமா?

#5 ஆய்வகவாசி

ரத்த ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் குறுக்கே வருகிறேன். இன்று போய் எடுத்தால் காசுதான் வீண். இந்தப் பரிசோதனையில் தேடுவது குளூட்டன் உள்ளே போவதால் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தை (டிடிஜி ஐஜிஏ என்று எழுதித் தருவார்கள்). குளூட்டனை நிறுத்தினால் அது மெல்ல மெல்லக் குறைந்துவிடும், சிறுகுடலும் ஆறத் தொடங்கிவிடும். நோய் இருந்தாலும் இல்லை என்று முடிவு வரும். திருட்டு நடந்த வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டுக் கைரேகை எடுக்கக் கூப்பிடுவது போல.

"குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை" என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, கோதுமை ஒவ்வாமை. தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் என்று சீக்கிரம் காட்டிவிடும். சிலருக்குச் சாப்பிட்டுவிட்டு ஓடினால் மட்டும் வரும், அது ஆபத்தானது. இரண்டு, சீலியாக் நோய். நோய் எதிர்ப்பு மண்டலம் குளூட்டனைச் சாக்கிட்டுச் சொந்தச் சிறுகுடலையே தாக்கும், உணவை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். உலகில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. மூன்றாவது, இவை இரண்டும் இல்லாமலே கோதுமை சாப்பிட்டால் வயிறு படுத்துவது. அதற்கென்று தனிப் பரிசோதனை கிடையாது, மற்ற இரண்டும் இல்லை என்று ஆன பிறகுதான் அந்தப் பெயருக்கே வர வேண்டும்.

ஆகவே மருத்துவரைப் பாருங்கள். திரும்பக் குளூட்டன் சாப்பிடச் சொல்வார், பெரும்பாலும் 6 முதல் 8 வாரம். அப்புறம்தான் ரத்தம். ஐஜிஏ என்பது எதிர்ப்புப் புரதத்தில் ஒரு வகை, அதன் மொத்த அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவே உடம்பில் குறைவாக இருப்பவர்களுக்கு டிடிஜி பொய்யாக நல்ல முடிவு காட்டும். மரபணுப் பரிசோதனை ஒன்றும் உண்டு. அதற்குச் சாப்பாட்டைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் அந்த மரபணு 30 முதல் 40 சதவீதம் பேரிடம் இருப்பதால், இருக்கிறது என்று வந்தால் ஒன்றும் தெரியாது. இல்லை என்று வந்தால் சீலியாக் ஏறக்குறைய இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம்.

கொசுறாக ஒன்று. இந்த நோய்க்கும் கோதுமைக்கும் தொடர்பு உண்டு என்பதை நிறுவியவர் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தே பஞ்சத்தில் கிடந்தபோது, ரொட்டி கிடைக்காத இந்தக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ஊரே பசியில் வாடும்போது இவர்கள் தேறியது அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

#6 நாற்பத்திரண்டு

தம்பி, மருத்துவம் எனக்குத் தெரியாது. இருபது வருடம் ஓட்டக்காரர்களைப் பார்த்தவன் என்ற முறையில் கேட்கிறேன். நேற்று காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிட்டாய்? ஒன்று விடாமல் எழுது. லாங் ரன்னுக்கு முன்னால் ஏதாவது மாத்திரை போடுகிறாயா என்பதையும் எழுது.

#7 ஆமைவேகம்

காலை: மூன்று முட்டை, ஒரு ஆப்பிள். பதினொரு மணிக்கு ஒரு கைப்பிடி பாதாம். மதியம்: ஒரு கோப்பை சோறு, காய்கறி, கோழி. மாலை ஓட்டம் முடிந்து பாலில் ஒரு பெரிய தம்ளர் மால்ட் பானம். இரவு: மீன், ஒரு தட்டு நிறையப் பச்சைக் காய்கறி. முன்பெல்லாம் காலையிலும் இரவிலும் ரொட்டியோ பாஸ்தாவோ இருக்கும், அதைத்தான் எடுத்துவிட்டேன்.

மாத்திரை... முழங்கால் வலிக்கும் என்பதால் லாங் ரன் அன்று மட்டும் ஒரு இபுப்ரோஃபென்.

#8 நாற்பத்திரண்டு

அப்படிச் சொல்.

முதலில் அந்த மாத்திரை. ஓடும்போது ரத்தம் முழுக்கக் காலுக்கும் தோலுக்கும் போய்விடும், குடலுக்குப் போவது பெருமளவு குறைந்துவிடும். ஏற்கெனவே பட்டினி கிடக்கும் குடல் சுவரை அந்த மாத்திரை இன்னும் புண்ணாக்கும். நீரிழப்போடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் கெடுதல். இன்றோடு நிறுத்து. மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்ற முழங்காலை முதலில் காட்ட வேண்டிய இடத்தில் காட்டு.

இரண்டாவது, கணக்கு. நீ எழுதியதைக் கூட்டிப் பார்த்தேன். தாராளமாகப் போட்டாலும் மாவுச்சத்து 130 கிராம் தாண்டவில்லை. உன் எடைக்குக் கிலோவுக்கு 2 கிராம். தினமும் ஒரு மணி நேரம் ஓடுபவனுக்குக் கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் வேண்டும் என்பார்கள், அதாவது உனக்கு 320 முதல் 450 கிராம். நீ கோதுமையை எடுத்தாய், அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. தட்டில் ஓட்டை. கால் ஏன் வரவில்லை என்று கேட்கிறாய், எதை எரித்து வரும்?

ஒரு கோப்பைச் சோறு என்கிறாயே, அது குருவிக்கு. 100 கிராம் சோற்றில் மாவுச்சத்து சுமார் 28 கிராம்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். அவித்த உருளைக்கிழங்கில் 20. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 27. காலையில் முட்டையோடு இரண்டு வாழைப்பழம், மதியம் இரு மடங்கு சோறு, இரவில் மறுபடி சோறோ கிழங்கோ. இதைச் செய்துவிட்டு இரண்டு வாரம் கழித்து வேகத்தைச் சொல்.

#9 கோதுமைக்குத்தடை

எல்லாரும் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள். "மால்ட் பானம்."

மால்ட் என்பது முளைகட்டிய பார்லி. குளூட்டன் கோதுமையில் மட்டும் இல்லை. பார்லியிலும் ரை தானியத்திலும் உண்டு. மைதா, ரவை, ஸ்பெல்ட் எல்லாம் பெயர் மாறிய கோதுமை. ஆமைவேகம் மூன்று மாதமாகத் தினமும் மாலை ஒரு தம்ளர் பார்லியைக் குடித்துக்கொண்டே "குளூட்டனை நிறுத்தியதால் வயிறு அடங்கியது" என்கிறார்!

கிண்டல் செய்யவில்லை தம்பி. எனக்கும் முதல் வருடம் இதே கதைதான், சோயா சாஸில் கோதுமை இருப்பது எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஆனால் இதில் ஒரு துப்பு இருக்கிறது. குளூட்டன் போய்க்கொண்டே இருந்தும் வயிறு தேறியிருக்கிறது என்றால், எதிரி வேறு யாரோ.

#10 ஆமைவேகம்

டப்பாவை எடுத்துப் பார்த்தேன். முதல் பெயரே பார்லி மால்ட். தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

#11 மின்னல்கால்

எல்லாரும் சேர்ந்து பயமுறுத்தாதீர்கள். மால்ட்டையும் நிறுத்திவிட்டால் முழுப் பலன் கிடைக்கும். குளூட்டன் உடம்பில் அழற்சியை உண்டாக்குகிறது, அதனால்தான் எல்லா விளையாட்டு வீரர்களும் விடுகிறார்கள். என் சொந்த அனுபவம், 10 கிலோமீட்டரில் மூன்று நிமிடம் குறைந்தது.

#12 ஆய்வகவாசி

மின்னல்கால், உங்கள் மூன்று நிமிடத்தை நான் மறுக்கவில்லை. குளூட்டனை விடும்போது கூடவே பிஸ்கட், கேக், வறுவல் எல்லாம் போயிருக்கும், எடையும் குறைந்திருக்கும். எதனால் வேகம் வந்தது என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

பிரித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2015-ல் வெளியான ஆய்வு. சீலியாக் இல்லாத 13 சைக்கிள் வீரர்களுக்கு ஒரு வாரம் குளூட்டன் உள்ள உணவு, ஒரு வாரம் இல்லாத உணவு. எது எந்த வாரம் என்று அவர்களுக்கும் தெரியாது, அளந்தவர்களுக்கும் தெரியாது. வேகத்தில் வித்தியாசம் இல்லை. வயிற்றுத் தொந்தரவிலும் அழற்சி அளவுகளிலும்கூட இல்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் ஜோகோவிச் ஒரே ஆள், இவர்கள் 13 பேர்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஏமி யோடர் பெக்லிக்குச் சீலியாக் நோய் கண்டுபிடித்து உணவை மாற்றினார்கள், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடினார். நோய் உள்ளவர்களுக்கு இது மருந்து. நோய் இல்லாதவர்களுக்கு ஒரு சாப்பாட்டு முறை, அவ்வளவுதான்.

#13 மின்னல்கால்

13 பேரை வைத்து உலகத்தை முடிவு செய்யாதீர்கள். எனக்கு ஒத்துவருகிறது, தொடர்வேன்.

#14 கோதுமைக்குத்தடை

தொடருங்கள், யாரும் தடுக்கவில்லை. என் பெயரிலேயே தடை இருக்கிறது, ஆனாலும் கோதுமை சாப்பிட முடிந்த ஒருவர் காரணமில்லாமல் விடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சொன்னபடி விரிவாக எழுதுகிறேன். எனக்கு வயிற்று வலியே பெரிதாக வந்ததில்லை. ஒரு வருடத்தில் இரண்டு முறை காலெலும்பில் கீறல் விட்டது. ரத்தசோகை வேறு. ஓட்டக்காரி அதிகம் ஓடியிருப்பாள், ஓய்வு எடு என்று இரண்டு பேர் அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர்தான் "எலும்பும் ரத்தமும் சேர்ந்து தேய்கிறது என்றால் சாப்பிடுவது உடம்பில் சேரவில்லை" என்று சொல்லி டிடிஜி எழுதிக் கொடுத்தார். எண்டோஸ்கோப்பியில் குடலுறிஞ்சிகள் வழித்துவிட்டது போல இருந்தன. இரும்பும் கால்சியமும் உறிஞ்சப்படுவது முக்கியமாகச் சிறுகுடலின் ஆரம்பத்தில். நோய் முதலில் கை வைப்பதும் அங்கேதான்.

நிறுத்தியதும் பறக்கலாம் என்று நினைத்தேன். ஆறு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பெரியவர்களுக்குக் குடல் முழுக்க ஆற ஓராண்டு, இரண்டாண்டுகூட ஆகலாம். அதுவரை பாலும் ஒத்துக்கொள்ளவில்லை, பாலைச் செரிக்கும் நொதி அந்த உறிஞ்சிகளின் நுனியில்தான் இருக்கிறதாம். அது பிறகு தானாகச் சரியானது.

பந்தய நாள் விஷயத்துக்கு வருகிறேன். வழியில் கொடுக்கும் எதையும் நம்பமாட்டேன், தண்ணீர் தவிர. ஜெல்லில் (ஓடும்போது ஆற்றலுக்காகப் பிழிந்து விழுங்கும் இனிப்புக் கூழ்) பெரும்பாலும் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் இருக்கும். பெயரில் மால்ட் இருந்தாலும் அதற்கும் பார்லி மால்ட்டுக்கும் சம்பந்தமில்லை, மக்காச்சோளம் போன்ற மாவிலிருந்து செய்வது. பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது சாக்லேட், பிஸ்கட் சுவை ஜெல்களும், ஆற்றல் பார்களும். அவற்றில் மால்ட் சாறு ஒளிந்திருக்கும். பொட்டலத்தில் "குளூட்டன் இல்லாதது" என்று போட உலகம் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட எல்லை கிலோவுக்கு 20 மில்லிகிராம். "கோதுமை இல்லாதது" என்பது வேறு, அதை நம்பி வாங்காதீர்கள்.

வெளியூர்ப் பந்தயம் என்றால் சின்ன மின்சாரக் குக்கர் ஒன்று என்னோடு வரும். முந்தின இரவு சோறு நானே வடிப்பேன். விடுதிக் காலை உணவில் அவித்த முட்டையும் தோலோடு உள்ள வாழைப்பழமும் மட்டும். ரொட்டி சுடும் இயந்திரமும் பொரிக்கும் எண்ணெயும் எல்லாருக்கும் பொது, அங்கே "கோதுமை இல்லாதது" என்று எழுதி வைத்த பதார்த்தமும் எனக்கு ஆகாது. ஓடும்போது ஜெல்லோடு உப்புப் போட்ட குட்டி உருளைக்கிழங்கு நான்கைந்து. இனிப்பு திகட்டும் 25-வது கிலோமீட்டருக்கு மேல் அந்த உருளைக்கிழங்கு தேவாமிர்தம்.

ஒருமுறை முடிவுக்கோட்டில் யாரோ கையில் திணித்ததை யோசிக்காமல் குடித்துவிட்டேன். ஆல்கஹால் இல்லாத பீர். பார்லி! மூன்று நாள் படுக்கை. 42 கிலோமீட்டர் ஓடி முடித்த மூளையை நம்பக் கூடாது.

#15 ஆமைவேகம்

(இரண்டரை மாதம் கழித்து)

மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். மருத்துவர் சொன்னபடி ஏழு வாரம் தினமும் இரண்டு வேளை ரொட்டி சாப்பிட்டேன். வயிறு சும்மா இருக்கவில்லை, ஆனால் பயந்த அளவுக்கும் இல்லை. டிடிஜி இயல்பு. மொத்த ஐஜிஏ இயல்பு. மரபணுவும் பார்த்தார்கள், இல்லை. கோதுமை ஒவ்வாமையும் இல்லை.

ஆனால் ஃபெரிட்டின் 11. இரும்புச் சேமிப்பு காலி. மாடிப்படியில் மூச்சு வாங்கியது ஏன் என்று இப்போது தெரிகிறது.

உணவியல் நிபுணர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அவர் சொன்னதுதான் ஆச்சரியம். கோதுமையில் குளூட்டன் தவிர ஃப்ரக்டான் என்ற ஒருவகை மாவுச்சத்தும் இருக்கிறதாம். வெங்காயத்திலும் பூண்டிலும் அது ஏராளம். லாங் ரன்னுக்கு முந்தின இரவு நான் வழக்கமாகச் சாப்பிட்டது என்ன தெரியுமா? பூண்டு மணக்க மணக்கப் பாஸ்தா, கூடவே பூண்டு ரொட்டி.

#16 ஆய்வகவாசி

வாழ்த்துகள், இது நல்ல செய்தி. ஃப்ரக்டானைச் செரிக்க மனிதக் குடலில் நொதியே கிடையாது. பெருங்குடலுக்குப் போய் அங்கே நுண்ணுயிரிகள் நொதிக்க வைக்கும், வாயு உண்டாகும், தண்ணீரை இழுக்கும். சும்மா உட்கார்ந்திருந்தால் உப்புசத்தோடு போய்விடும். குலுங்கக் குலுங்க ஓடினால் நீங்கள் எழுதிய கதைதான். தங்களுக்குக் குளூட்டன் ஆகாது என்று நம்பிய 59 பேருக்கு, எதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் பார்களைக் கொடுத்து நார்வேயில் சோதித்தார்கள், 2018-ல் வெளியானது. தொந்தரவு அதிகம் கொடுத்தது ஃப்ரக்டான், குளூட்டன் அல்ல.

ஒரு எச்சரிக்கை. ஃப்ரக்டானை வாழ்நாள் முழுக்க ஒதுக்காதீர்கள். குடலின் நல்ல நுண்ணுயிரிகளுக்கு அதுதான் தீனி. ஓட்டத்துக்கு முந்தின ஒன்றிரண்டு நாள் குறைத்தால் போதும்.

இரும்பு மாத்திரையை ஓட்டம் முடிந்த மூன்றாவது மணியிலிருந்து ஆறாவது மணி வரை போட்டால் சரியாகச் சேராது. அந்த நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, இரும்புக்குக் கதவைச் சாத்திவிடும். அதனால் காலையில், ஓட்டத்துக்கு முன்போ முடித்த கையோடோ. கூடவே தேநீர், காபி வேண்டாம்.

#17 நாற்பத்திரண்டு

பூண்டு ரொட்டி! இருபது வருடத்தில் இது எனக்கும் தோன்றவில்லை தம்பி, ஒத்துக்கொள்கிறேன்.

இனி மிச்சமிருப்பது வயிற்றுக்குப் பயிற்சி. காலுக்கு மாதிரியே. லாங் ரன்னில் மணிக்கு 30 கிராம் மாவுச்சத்தில் ஆரம்பி, வாரா வாரம் கொஞ்சம் கூட்டி 60-க்குக் கொண்டு வா. குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு 60 கிராம்தான் உள்ளே விடும். ஃப்ரக்டோஸ் (பழச் சர்க்கரை) கலந்தால் அதற்கு வேறு வாசல், 90 வரை போகலாம். உனக்கு 60 போதும், ஃப்ரக்டோஸோடு விளையாடாதே.

கடைசி இரண்டு நாளும் தினமும் உன் எடைக்குக் கிலோவுக்கு 10 கிராம் மாவுச்சத்து, அதாவது 640 கிராம். முழுக்கச் சோறாகச் சாப்பிட்டால் இரண்டே கால் கிலோவுக்கு மேல் வரும், ஆளால் ஆகாது. பழச்சாறு, தேன், கிழங்கு என்று பிரித்துக்கொள். எடை ஒன்றரை கிலோ கூடும், பதறாதே. உடம்பு சேமிக்கும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தோடும் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும்.

#18 ஆமைவேகம்

(பந்தயத்துக்கு அடுத்த நாள்)

42.195. நான்கு மணி 37 நிமிடம். கால் இரண்டும் சொந்தக் கால் மாதிரியே இல்லை, உட்கார்ந்துகொண்டே எழுதுகிறேன்.

முந்தின இரவு சோறு, அவித்த கிழங்கு, மீன். வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை. 31-வது கிலோமீட்டரில் வயிறு ஒருமுறை உருண்டது, நடந்தேன், இரண்டு நிமிடத்தில் அடங்கிவிட்டது. கழிப்பறைப் பக்கம் ஒதுங்கவே இல்லை. 36-ல் கால் பிடித்துக்கொண்டது, அது குளூட்டன் குற்றமும் இல்லை, பூண்டு குற்றமும் இல்லை, முதல் பத்து கிலோமீட்டரை ஆசையில் வேகமாக ஓடிய என் குற்றம். ஃபெரிட்டின் போன வாரம் பார்த்தேன், 34-க்கு வந்திருக்கிறது.

இன்று காலை இரண்டு துண்டு ரொட்டி சாப்பிட்டேன். கோதுமைக்குத்தடை அக்கா மன்னிக்கவும், வெண்ணெய் தடவி.

#19 கோதுமைக்குத்தடை

மன்னிக்க முடியாது. எனக்கும் சேர்த்து இன்னொரு துண்டு சாப்பிடுங்கள்.

#20 இருட்டில்ஓடுபவள்

பழைய இழை என்று தெரியும், மன்னிக்கவும். முழுக்கப் படித்தேன். எனக்குப் போன வாரம் பயாப்ஸியில் (குடல் திசுப் பரிசோதனை) சீலியாக் உறுதியாகிவிட்டது. ஆறு வாரத்தில் அரை மராத்தான். ஓட்டத்துக்கு முன்பு தினமும் ஓட்ஸ் கஞ்சிதான் குடிப்பேன். அதுவும் போய்விட்டதா?

#21 கோதுமைக்குத்தடை

வாருங்கள். ஓட்ஸ் முழுக்கப் போகவில்லை. ஓட்ஸில் கோதுமைக் குளூட்டன் கிடையாது, ஆனால் அறுவடையிலிருந்து ஆலை வரை கோதுமையோடும் பார்லியோடும் கலந்துவிடுகிறது. சாதாரண ஓட்ஸைத் தொடாதீர்கள். "குளூட்டன் இல்லாதது" என்று குறித்து விற்பதை மட்டும் வாங்குங்கள். அதையும் கொஞ்சம் பொறுத்து, டிடிஜி இறங்கத் தொடங்கிய பிறகு, மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். மிகச் சிலருக்கு ஓட்ஸின் புரதமே ஆகாது. ஃபெரிட்டின், வைட்டமின் டி, எலும்பு அடர்த்தி மூன்றையும் பார்க்கச் சொல்லிவிட்டீர்களா?

ஆறு வாரத்தில் பந்தயம் என்றால், ஓடலாம். நேரம் பார்க்காமல் ஓடுங்கள். காலெலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலிக்கிறது என்றால் ஓடாதீர்கள். அதை மட்டும் என்னைப் போலத் தள்ளிப்போடாதீர்கள்.

#22 இருட்டில்ஓடுபவள்

முதல் இரண்டும் பார்த்தார்கள், எலும்பு அடர்த்தி பார்க்கவில்லை. நாளைக்கே கேட்கிறேன். வீட்டில் ரொட்டி சுடும் இயந்திரம் ஒன்றுதான் இருக்கிறது, கணவரும் பிள்ளைகளும் கோதுமைதான் சாப்பிடுவார்கள். தனியாக ஒன்று வாங்க வேண்டுமா?

#23 கோதுமைக்குத்தடை

வாங்குங்கள். மேலே பெரிய எழுத்தில் உங்கள் பெயரை எழுதி ஒட்டுங்கள். வெண்ணெய் டப்பாவிலும்.